பூப்பெட்டிக்கு நான்கு டிகிரி

சாப்பிடுகிற பூவைக் கழுவி எடுத்து வைக்கக்கூடாது. எல்லோரும் செய்கிற தப்பு அது. தட்டையான பெட்டியில் ஈரக் காகிதம் விரித்து, ஒன்றன்மேல் ஒன்று படாமல் அடுக்கி மூட வேண்டும். குளிர் நான்கு டிகிரி. அதற்கும் கீழே கொண்டுபோனால் இதழ் விறைத்து, பிறகு கறுத்துவிடும். பழுத்த பழம் பக்கத்திலேயே இருக்கக்கூடாது, பூ வாடிவிடும். அந்த ஓட்டல் சமையலறையில் ஒன்பது வருடமாக இதுதான் என் வேலை, சார்.

தலைமைச் சமையல்காரர் மண்டையில் இது ஏறவே இல்லை. குளிர் அறைக் கதவுக்கு எண்ணெய் டின்னை முட்டுக் கொடுத்துவிட்டு, உள்ளே நின்று ஊர்க்கதை பேசுவார். கதவு சாத்திக்கொண்டால் உள்ளேயிருந்து திறக்க முடியாது. கைப்பிடி உடைந்து ஆறு மாதம். சரிசெய்யச் சொன்னேன். "உள்ள என்ன குடித்தனமா நடத்தப் போறோம்?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

போன மாதம் என் பெட்டிகளை ஒட்டி முலாம்பழக் கூடையை வைத்தார். விருந்தன்று திறந்தால் இருபது பெட்டியும் வதங்கிக் கிடந்தன. பழியை, அங்கேயே தட்டு அலங்கரிக்கிற என் தங்கை தலையில் போட்டு, எல்லோர் முன்னாலும் வேலையை விட்டு அனுப்பினார். எனக்கு வயிறு எரிந்தது. இப்போதும் எரிகிறது. அவள் என்னவோ இரண்டே நாளில் தேறிவிட்டாள். "விடுக்கா, வேற எடத்துல வேலை கெடைச்சிடுச்சு. அந்தாளு மூஞ்சியப் பாக்காம இருக்கறதே நிம்மதி" என்றாள். அவள் விடலாம். நான் அக்கா, எப்படி விடுவது?

ஞாயிறு மதியம் எல்லோரும் போய்விட்டார்கள். மறுநாள் விடுமுறை. அவர் குளிர் அறைக்குள் காய்கறி மூட்டைகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். என் பெட்டிகளை ஒட்டி மறுபடியும் அதே பழக்கூடை.

"அதை எடுத்துருங்க. பூ போயிடும்" என்றேன்.

"பூவாம் பூ. ஆடு திங்கறதுக்கு இவ்ளோ மரியாதையா? வேணும்னா நீயே தூக்கு."

தூக்கினேன். கூடையை வெளியே கொண்டுவந்து வைத்தேன். "இப்பதான் வழிக்கு வந்திருக்க" என்று முதுகுக்குப் பின்னால் சிரித்தார். டின்னைக் காலால் நகர்த்தினேன். கதவு தானாகவே சாத்திக்கொண்டது.

கொஞ்ச நேரம் தட்டினார். வெளியே மேஜையில் அவர் விட்டுப்போன போன் அடித்தது. கவிழ்த்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன். சாயங்காலம் அவர் மனைவி எனக்கே போன் செய்தார். "அவரு இன்னும் வீட்டுக்கு வரலம்மா, பாத்தியா?" "மதியமே கெளம்பிட்டாரேக்கா" என்றேன்.

குளிரை இன்னும் கூட்டியிருக்கலாம். குமிழ் வெளியேதான் இருக்கிறது, என் கைக்கு எட்டும். நான் தொடவில்லை. அதை இரக்கம் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

செவ்வாய் காலை நான்தான் முதலில் போய்த் திறந்தேன். கதவை ஒட்டிச் சுருண்டு கிடந்தார். எல்லாம் என் தங்கைக்காகச் செய்ததுதான், சார். அவரைத் தாண்டிப் போய்ப் பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். ஓர் இதழ்கூடக் கறுக்கவில்லை.