செல்லப்பன் செத்த புத்தகம்

இரணியலில் நாகர்கோவில் பஸ் நின்றபோது, எனக்கு முன்னால் இருந்தவர் மடியிலிருந்த மாதாந்தரக் கதைப் புத்தகத்தைப் பார்த்தபடி கூட்டாளியிடம் சொன்னார்:

“அவன நான் கொன்னிருக்கப்பிடாது, மக்கா.”

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

“ஆரலே?”

“துப்பறியும் செல்லப்பன. போன மாசம் புத்தகம் வரல்ல. மாசாமாசம் நான் வாசிக்கக் கேக்குற வலை முடையிறவங்க, வாசிச்சாத்தான் ஆச்சுண்ணாங்க. பழைய புத்தகத்த விரிச்சு வச்சு நானே கதை கட்டினேன். கடைசியில அவனக் கொன்னுப்போட்டேன். கடியப்பட்டணமே அழுதுது. கோயில்ல மெழுகுதிரியும் கொளுத்தியாச்சு.”

“இந்த மாசம் வந்த இதுல?”

“உயிரோட கப்பல் ஏறுகான்.”

“அப்போ உள்ளத வாசி.”

“நேத்து வாசிச்சேன். இது கள்ளப் புத்தகம், நாகர்கோவில்ல போய் நல்லதா வாங்கிட்டு வாண்ணு அனுப்பியிருக்காங்க. நான் எந்தக் கடையில போய்க் கேப்பேன்?”