ஐந்தாவது வார்டில் பனி

எனக்கு மீன் பிடிக்காது, ஐயா. ஆனால் ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் வெள்ளிக்கிழமை தவறாமல் இறைச்சி விலக்கி மீன் பந்தி போடும் நாலு தேவாலயங்களில் பொரித்த மீன் தின்றவன் நான். எங்கள் ஏரிக்கரை ஊரில் அந்தப் பந்திகளுக்குப் போகாத மேயர் அடுத்த தேர்தலில் காலி. பதினோரு வருஷம் தின்றேன். "ரே, இன்னொரு துண்டு வைக்கவா?" என்று முதுகில் தட்டுவார்கள். வீட்டுக்கு வா என்று ஒருத்தர் சொன்னதில்லை. மனைவி பிரிந்து போன பிறகு, என்னைக் கூப்பிட்டுச் சோறு போட்டது என் அக்கா லொரேன் மட்டும்தான்.

அக்காவின் வீடு எங்கள் நகரத்தின் ஐந்தாவது வார்டில். நுரையீரல் பழுது. ஆக்சிஜன் சிலிண்டர் இல்லாமல் அவளுக்கு மூச்சு ஓடாது.

போன மார்ச்சில், மாநில கவர்னர் தேர்தலுக்கு எங்கள் கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் வாக்குப்பதிவு. எனக்கும் அதே கட்சியின் பியாட்ரிஸ் ஒய்லருக்கும் இழுபறி. முந்தின நாள் இரண்டடிப் பனி கொட்டிவிட்டது. எங்கள் ஊரில் மேயரை எடைபோட ஒரே கேள்விதான்: என் தெருவுக்குப் பனி அள்ளும் வண்டி வந்ததா? விடிந்ததும் நகராட்சிப் பணித்துறைத் தலைவர் ஹாலரன் தெருக்களின் வரைபடத்தோடு வந்தார். ஐந்தாவது வார்டுக்கு வாக்குப்பதிவு முடிந்த பிறகு போனால் போதும் என்றேன். அது பியாட்ரிஸின் கோட்டை. தெரு அடைத்துக் கிடந்தால் பாதிப் பேர் ஓட்டுப்போட வரமாட்டார்கள்.

"அங்கதானே உங்க அக்கா இருக்காங்க, மேயர்?"

"அதனாலதான் சொல்றேன். சொந்தக்காரங்களுக்குச் சலுகை காட்டுனேன்னு ஒரு பய பேசக் கூடாது."

சொன்னபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

பதினோரு மணிக்கு அக்கா போன் செய்தாள். "டேய் ரே, சிலிண்டர் கொண்டு வந்தவன் தெருமுனையிலயே திரும்பிப் போயிட்டான்டா. இருக்கிறது மூணு மணி வரைக்கும்தான் தாங்கும்."

"ஆம்புலன்ஸைக் கூப்பிடேன்."

"அதுவும் வர முடியலையாம். பெரிய மேயராம் மேயர், அக்கா தெருவுக்கு ஒரு வண்டி அனுப்பத் துப்பில்ல." சிரிக்கப் பார்த்தாள், இருமல் வந்துவிட்டது. "ஒரே ஒரு வண்டிடா."

"வரிசைப்படிதான் வரும் அக்கா. சாயங்காலம் கண்டிப்பா வரும்" என்றேன். அந்த நேரம் மூன்று வண்டிகள் வேலையில்லாமல் கொட்டகையில் நின்றன. அது எனக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு இரண்டு முறை கூப்பிட்டாள். நான் எடுக்கவில்லை. எடுத்தால் மனசு இளகிவிடும்.

ஏழு மணிக்கு வாக்குப்பதிவு முடிந்தது. முதல் வண்டியில் நானே ஏறிப் போனேன். தெருக்காரர்கள் மண்வெட்டியால் பாதித் தூரம் தோண்டியிருந்தார்கள். பியாட்ரிஸின் ஆட்கள்தான். என்னைப் பார்த்ததும் ஒதுங்கி வழிவிட்டார்கள். அக்கா நாற்காலியில் இருந்தாள். கை ஜில்லிட்டிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்தேன். ஜெயித்துவிட்டேன் என்று ஹாலரன் போனில் சொன்னபோது, அதைச் சொல்ல எனக்கு வேறு யாரும் இல்லை.

ஹாலரன் மேல் தப்பில்லை, ஐயா, அப்படியே வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள். உத்தரவு போட்டது நான். அவள் செத்துப்போவாள் என்று தெரிந்த பிறகும் அதை மாற்றவில்லை. அறுநூறு ஓட்டில் ஜெயித்தேன். அந்த வார்டில் எனக்கென்று நிச்சயமாக இருந்த ஒரே ஓட்டு அக்காவுடையது. அது விழாமல் போனதுதான் எனக்கு இன்னும் வருத்தம்.