காளான் குடைகளுக்கு நடுவே ஒரு நரம்பு

கரப்பான்பூச்சியைக் கண்டு முகம் சுளிக்கிறவர்கள் யாரும் அதன் மூளையைப் பார்த்ததில்லை. கடுகில் பாதிதான் இருக்கும். மெழுகில் பதித்து, மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றிக் கண்ணாடிச் சில்லில் வைத்துப் பூதக்கண்ணாடி வழியே பாருங்கள். பக்கத்துக்கு இரண்டாகக் காளான் குடைகள் விரித்துக்கொண்டு நிற்கும். முதல் தடவை பார்த்த அன்று பவானிபூர் வரைக்கும் டிராமில் தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தேன். பக்கத்திலிருந்த வங்காளி பாபு எழுந்துபோய் வேறு இடத்தில் உட்கார்ந்தார்.

கல்கத்தா மியூசியத்தின் பூச்சி ஆபீஸில் எனக்குப் பதினோரு வருஷ சர்வீஸ். 1908 மார்கழியில், அந்தக் குடைகளை இடமிருந்து வலமாக இணைக்கும் நரம்பு ஒன்றைக் கண்டுபிடித்தேன். உலகத்தில் ஒருத்தரும் பார்க்காத நரம்பு. துரை என் கையைக் குலுக்கி, என் பெயரிலேயே லண்டனுக்கு எழுதப்போவதாகச் சொன்னார். எனக்குத் தலைகால் புரியவில்லை. என் ஆத்துக்காரி பாகீரதி அன்றைக்கு அக்காரவடிசில் பண்ணினாள்.

எனக்குக் கீழே வேலை பார்த்தவன் ஸ்ரீனிவாசராகவன். தனிக்கட்டை, தங்கமான பிள்ளை. அவன் அளவுக்கு மெல்லிசாகச் சீவக் கல்கத்தாவிலேயே ஆள் கிடையாது. ஒருநாள் அந்த நரம்பு இருந்த என் கண்ணாடிச் சில்லை வெகுநேரம் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னான்.

"அண்ணா, தப்பா நினைச்சுக்காதேள். இது நரம்பில்லை, மெழுகிலே விழுந்த மடிப்பு. புதுசா நூறு சீவல் சீவிக் காட்டறேன். அப்புறம் துரைகிட்டே சொல்லிடலாம்."

அவன்மேல் எனக்குக் கோபமே இல்லை. அவன் மூளையிடம் எனக்கு மரியாதை உண்டு. கை மட்டும்தான் இடைஞ்சல்.

கரப்பானுக்கு ஒவ்வொரு கணுவிலும் தனித்தனி நரம்பு முடிச்சு. தலையை எடுத்தாலும் கால் உதைக்கும். காலை முடக்கினாலும் தலை சௌக்கியமாக இருக்கும். எங்கள் ஆபீஸில் பறவைத் தோல் கெடாமலிருக்க வெள்ளைப் பாஷாணம் பூசுவார்கள். பூசுகிற ஆளுக்கு விரல்நுனி மரத்துக் கிடந்தது. மற்றபடி மனுஷர் நன்றாகத்தான் இருந்தார். இதையெல்லாம் யோசித்துத்தான் செய்தேன்.

மீன் வாசனை அடிக்கும் இந்த ஊரில், ஆசாரக்காரனான அவன் எங்கள் வீட்டைத் தவிர வேறெங்கும் கை நனைக்கமாட்டான். தினம் ஆபீஸுக்குக் கிளம்புமுன் எங்களோடுதான் சாப்பாடு. அவனுக்குச் சாத்தமது, நீங்கள் ரசம் என்பீர்களே, அதை ஊற்றுவதை நான் ஏற்றுக்கொண்டேன். நான் ஒத்தாசை செய்வதில் பாகீரதிக்கு ஏகப்பட்ட சந்தோஷம்.

மூன்றாம் வாரம் சீவுகத்தி அவன் கையிலிருந்து நழுவியது. எனக்கு உள்ளுக்குள் ஒரே குதியாட்டம். ஐந்தாம் வாரம் அவனால் கவளம் எடுக்க முடியவில்லை, நானே பிசைந்து ஊட்டினேன். ஏழாம் வாரம் இதயமும் நின்றுவிட்டது. கரப்பானுக்கு அப்படி ஆவதில்லை.

விரல் மரத்த பிறகும் ஏன் நிறுத்தவில்லை என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. ஊட்டிக்கொண்டிருக்கும்போது அவன் சொன்னான்: "சீவ முடியலைன்னா என்ன அண்ணா, துரைகிட்டே வாயாலே சொல்லிடறேன்."

ஆமாம், நான்தான் கொன்றேன். அப்புறம் நானே அறுபது கரப்பான்களைச் சீவிப் பார்த்தேன். ஒன்றில்கூட அந்த நரம்பு இல்லை. பாவம், அறுபதும் ஊனப் பிறவிகள். உங்கள் காவலறையில் ஓடுகிறவை நல்ல திடமாக இருக்கின்றன. ஒன்றே ஒன்று பிடித்துக் கொடுங்கள், காட்டிவிடுகிறேன்.