ஏணியில் நின்றவன்

சுவிற்சர்லாந்தின் லுசேர்ண் நகரில் ரயில் ஏறிய இருவரும் என் எதிரே உட்கார்ந்தார்கள். ஹோட்டல் சமையலறை வேலை முடித்து வருகிறார்கள் என்பது பேச்சில் தெரிந்தது. இளையவர் திடீரென்று சொன்னார்:

“நேற்று வெறும் வெள்ளைத் திரையைப் பாத்துச் சனம் வயிறு நோகச் சிரிச்சது, அண்ணை.”

“ஏன், படம் ஓடேல்லையோ?”

“அந்தக் காலத்து ஊமைப்படம். என்ர மகள்தான் திரைக்குப் பக்கத்தில இருந்து மிருதங்கம் வாசிச்சவள். படத்தில ஒருத்தன் ஏணி உச்சியில நிண்டு ஆடுறான், இப்ப விழப்போறான். டக்கெண்டு றீல் அறுந்து திரை வெள்ளையாப்போச்சு.”

“ஐயோ! பிள்ளை நிப்பாட்டியிருப்பாளே.”

“தீர்மானமெண்டு முடிவு அடி வைச்சு முடிக்காமல் நடுவில கையை எடுத்தால் அவளின்ர மிருதங்க ரீச்சர் விடுவாவோ? ஏணி ஆடுறதை வாசிச்சாள். அவன் படி படியா உருளுறதை வாசிச்சாள். கடைசி அடியில ஆளை நிலத்தில போட்டாள். சுவிஸ்காரர் கைதட்டிச் சிரிக்கினம்.”

“கெட்டிக்காரியடாப்பா! பிறகு?”

“றீலை ஒட்டித் திரும்பப் போட்டாங்கள். அவன் விழுந்தான். ஒருத்தரும் சிரிக்கேல்லை.”

“ஏன்?”

“அவன்தான் முதலே விழுந்திட்டானே, அண்ணை.”