மண்டிக்காரர் வீட்டுக் கோழி மசாலா

திரைக்கு அந்தப் பக்கம் உங்களுக்கு நாற்காலி போட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன். தேநீர் வந்ததா, இன்ஸ்பெக்டர் ஐயா? எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் வெறும் வாயோடு எழுந்து போனதில்லை. நான் சொல்வதை நிதானமாகவே எழுதிக்கொள்ளுங்கள்.

முழுக் கோழியைச் சுடுவதற்கு இந்த வீட்டில் வைக்கும் மசாலாவைப் பற்றி ஆம்பூரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மிளகு, தனியா, ஷாஜீரா, கல்பாசி, ஜாதிபத்திரி, காய்ந்த மிளகாய் எல்லாவற்றையும் தனித்தனியாக வறுத்து, நிழலில் உலர்த்திய புதினாவும் கற்பூரவல்லி இலையும் சேர்த்துப் பொடிக்க வேண்டும். மெட்ராஸிலிருந்து வருஷம் ஒருமுறை தோல் எடுக்க வரும் வெள்ளைக்காரத் துரை, ஐந்து வருஷத்துக்கு முன் அதைச் சாப்பிட்டுவிட்டு யாருடைய கைப்பக்குவம் என்று கேட்டார். தோல் மண்டி நடத்தும் என் மகன் ஷபீ அஹமது, "எங்கம்மாவோடது" என்றான். கூடத்தில் தோல் வியாபாரிகள் அத்தனை பேரும் இருந்தார்கள். நான் திரைக்குப் பின்னால் நின்றிருந்தேன். மறுக்கவில்லை. அன்றிலிருந்து ஊருக்கு அது மண்டிக்காரர் வீட்டு மசாலா.

உண்மையில் அது என் மருமகள் அக்தர் பானுவோடு திருப்பத்தூரிலிருந்து வந்தது. கற்பூரவல்லிச் செடியைக்கூட அவள்தான் தொட்டியோடு கொண்டுவந்தாள். நிக்காஹ் ஆகி வந்த பெண் கொண்டுவந்ததெல்லாம் வந்த வீட்டுக்குத்தானே சொந்தம். அவளைப் பெற்ற அத்தா கூலிக்குக் கல்யாணச் சமையல் செய்கிறவர். அவர் பெயரை நாங்கள் யாரிடமும் சொன்னதில்லை. அது அவளுக்கும் கௌரவம்தான்.

போன மாதம் ஒரு கல்யாணத்தில், பெண்கள் பந்தியில் எதிர்வீட்டுச் சகீனா என்னிடம் கேட்டாள்.

"இன்னா மாமி, அந்த மசாலால பச்ச வாசன ஒண்ணு வருதே, எதுல வருது? சொன்னா கொறஞ்சா போய்டுவீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் அக்தர் பானு சிரித்துவிட்டாள். "மாமியப் போயி கேக்குறியே. அவங்களுக்கு ஓமம் எது, சீரகம் எதுன்னே தெரியாது. அது எங்கத்தா கல்யாண வூட்டுக்குப் போடற மசாலா."

பந்தியே சிரித்தது. நானும் சிரித்தேன். வேறு என்ன செய்ய முடியும்?

திரும்பி வரும்போது வண்டியில், இனி அப்படிப் பேசாதே என்றேன்.

"பொய்யா சொன்னேன் மாமி? துரை வர்றாரில்ல, இந்த வாட்டி அவருகிட்டயே நெசத்த சொல்லிடுங்கன்னு உங்க புள்ளகிட்ட சொல்லிட்டேன். அவரும் சரின்னுட்டாரு."

ஞாயிற்றுக்கிழமை துரை வருவதாக இருந்தது. சனிக்கிழமை மதியம் லுஹர் தொழுகை முடிந்ததும் அவளை மசாலா வறுக்கச் சொன்னேன். நாங்கள் வறுக்கும் அறை சிறியது. சுவருக்கு அப்பால் தோல் ஊறும் தொட்டிகள். அந்த நாற்றம் மசாலாவில் ஏறக்கூடாதென்று ஜன்னலை ஆணியடித்து, இடுக்குகளில் களிமண் பூசி வைத்திருக்கிறோம். காற்றுக்குக் கதவு ஒன்றுதான். அவளுக்கு மூச்சிழுப்பு உண்டு. அதனால் வறுக்கும்போதெல்லாம் கதவைத் திறந்தே வைப்பாள். அன்று கரி அடுப்பை நானே மூட்டிக் கொடுத்தேன். நிறத்துக்காக இரண்டு கை மிளகாய் ஜாஸ்தியாகவும் கொடுத்தேன். மிளகாய் சட்டியில் விழுந்த சத்தம் கேட்டதும் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன்.

கொஞ்ச நேரம்தான் என்று நினைத்தேன். இருமட்டும், வாய் அடங்கும் என்று நினைத்தேன்.

வேலைக்காரி பூவம்மாள் கோழியைக் கழுவிக்கொண்டிருந்தவள் ஓடி வந்தாள். "பீவிம்மா, இன்னாத்துக்குக் கதவு சாத்திக் கெடக்குது? சின்னம்மா இருமுதே."

"மிளகாய் வறுபட்டா இருமல் வராதா? நீ போய் உன் வேலயப் பாரு" என்றேன். போய்விட்டாள். அவள்மேல் குற்றமில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

தாழ்ப்பாளில் இரண்டு தடவை கை வைத்தேன். ஆனால் திறந்தால் என்ன ஆகும், யோசித்துப் பாருங்கள். வெளியே வந்தவள், மாமி என்னை உள்ளே வைத்துப் பூட்டினாள் என்று சொல்வாள். மசாலாவைப் பற்றிச் சொன்னதைவிட அது பெரிய அவமானம். சாத்தும்போது அது எனக்குத் தோன்றவில்லை. சாத்திய பிறகு திறப்பதற்கு வழி இல்லாமல் போய்விட்டது. அவள் அந்தப் பக்கம் கதவைத் தட்டினாள். நான் இந்தப் பக்கம் முதுகைக் கொடுத்து நின்றேன். ஒவ்வொரு தட்டும் என் முதுகில் விழுந்தது. அவளைவிட நான்தான் அதிகம் மாட்டிக்கொண்டிருந்தேன் என்று இப்போதும் நினைக்கிறேன்.

தட்டுவது நின்ற பிறகும், சாயங்காலம் அஸர் பாங்கு சொல்லும் வரை நின்றேன். பிறகு திறந்தேன். மிளகாய் கருகிப் போயிருந்தது. வாசலை ஒட்டித்தான் கிடந்தாள். முக்காட்டைச் சரிசெய்துவிட்டு, அதன் பிறகுதான் மண்டிக்கு ஆள் அனுப்பினேன். இழுப்பில் போய்விட்டாள் என்று எல்லோரிடமும் சொன்னேன். நான்தான் செய்தேன், ஐயா. வேறு யாரும் இல்லை.

உள்ளேயிருந்து அவள் ஏதாவது சொன்னாளா என்று கேட்டீர்கள். சொன்னாள். "உங்க மசாலாதான் மாமி. எங்கத்தாவுது இல்ல. உங்களுதுதான்" என்று இரண்டு முறை சொன்னாள். தெளிவாகவே கேட்டது. ஆனால் அதைக் கேட்க அங்கே நான் ஒருத்திதானே இருந்தேன். நாலு பேர் முன்னால் சொல்லியிருந்தால் உடனே திறந்திருப்பேன்.