முப்பத்தேழாம் எண் சத்தம்

உன் அப்பாவின் அந்தக் கீபோர்டுப் பெட்டியை ஆன் பண்ணியதும் பத்து நிமிடம் கைவைக்கக் கூடாது. சூடேறும்வரை அதற்குச் சுருதி நிற்காது. காலையில் நானும் அப்படித்தான். என்னைச் சூடேற்ற ஆள் இல்லை, அவ்வளவுதான்.

டிராயரில் ஸ்க்ரூ டிரைவர் தேடப்போன நீ கேசட்டை எடுத்துவிட்டாய். மேலே என் கோழிக்கிறுக்கல்: 'மாப்பிள்ளை சத்தம்'. ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன் எழுதியது, யாருக்கும் புரியாது என்று நம்பியிருந்தேன். உட்கார் மருமகளே, சொல்கிறேன்.

உன் அப்பா கச்சேரிகளில் கீபோர்டு வாசித்தவர். "ரெண்டு வருஷம்கூட உன்னை வச்சுக் காப்பாத்த மாட்டான்" என்று கல்யாணத்தன்றே உன் அம்மாவிடம் சொன்னேன். அவர் பத்தொன்பது வருடம் காப்பாற்றினார். அந்தப் பத்தொன்பது வருடமும் என் தங்கை என் வாசலை மிதிக்கவில்லை. நான் யாரையும் லேசில் நம்புகிறவன் இல்லை. ஒரு ரேடியோவைத் திறந்தால் கழற்றிய ஸ்க்ரூக்களை எண்ணி வைப்பேன், மூடும்போது மறுபடி எண்ணுவேன். கடையில் இருப்பது நான் ஒருவன்தான், ஆனாலும்.

அவர் காலமான பிறகு உன் அம்மா அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு என் கடைக்கு வந்தாள். மற்ற மெக்கானிக்குகள் கைவிரித்துவிட்டார்களாம். சிந்தசைசர் என்றாள், எனக்கு அது பெட்டிதான். பாதி கம்ப்யூட்டர், பாதி பழைய ரேடியோ. சத்தத்தை எண்களிலிருந்து ஒரு சிப் செய்து கொடுக்கும். அது பல்லில் மண் கடிபட்டது போல் கரகரக்கும். பின்னால் இருக்கும் பழைய பாணிச் சர்க்யூட் அதை வாங்கி, கூர் மழுக்கி, உடம்பு கொடுத்து அனுப்பும். ஒரே நேரத்தில் அது எழுப்பும் எட்டுக் குரலில் ஒன்று மட்டும் சுருதி மயிரிழை தாழ்ந்து நிற்கும். கோளாறு என்று நான் கைவைக்கப் போனேன்.

"அதைத் தொடாதே அண்ணா. அதுதான் அவர்" என்றாள்.

முப்பத்தேழாம் எண்ணில் அவர் ஒரு சத்தம் செய்து வைத்திருந்தார். அதை அமுக்கிக் காட்டினாள். கண்ணாடி டம்ளரில் கரண்டி பட்டது போல் தொடங்கியது. பிறகு, வாயை மூடிக்கொண்டு ஒருத்தி முனகுவது போல் விரிந்தது. உன் அம்மா பாத்திரம் கழுவும்போது முனகுவதைக் கேட்டுச் செய்தாராம். என் தங்கை முனகுவாள் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

சத்தங்களை நினைவில் வைத்திருப்பது உள்ளே இருக்கும் சட்டைப் பொத்தான் அளவு பேட்டரி. அது சாகக் கிடந்தது. கழற்றினால் எல்லாம் அழிந்துவிடும். அதற்கு முன்பே கேசட்டில் பதிந்துகொண்டு, புதுப் பேட்டரி வைத்ததும் திரும்ப ஏற்ற வேண்டும். எல்லாம் ஒழுங்காகத்தான் செய்தேன். பதிந்தாயிற்று, மாற்றியாயிற்று, ஏற்றுவதுதான் பாக்கி. அப்போது உன் அம்மா சொன்னாள்:

"இன்னிக்கே எடுத்துட்டுப் போயிடறேன் அண்ணா. இனிமே உன்னைத் தொந்தரவு பண்ண மாட்டேன்."

கேசட்டை டிராயரில் போட்டு மூடினேன். "எல்லாம் அழிஞ்சுபோச்சும்மா. பரவாயில்லை, திருகிப் பாத்துப் பாத்து நாமளே கண்டுபிடிச்சிடலாம். வியாழக்கிழமை வா" என்றேன்.

மூன்று வருடமாக வருகிறாள். பிளாஸ்கில் டீ கொண்டுவருவாள். நான் குமிழ்களைத் திருகுவேன், அவள் தலையை ஆட்டுவாள். ஒருநாள் சைக்கிள் ஹாரன் போல் ஒன்று வந்தது. "இது உன் மூஞ்சிக்குப் பொருத்தமா இருக்கு, நீயே வச்சுக்கோ" என்றாள். டீ மூக்கில் ஏறும்வரை சிரித்தேன். இன்னொரு நாள், என் கெட்ட நேரம், அந்தச் சத்தமே அச்சாக வந்துவிட்டது. கரண்டி, முனகல், எல்லாம். அவள் பிளாஸ்க் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள். அவள் நிமிர்வதற்குள் பலமாக இருமிக்கொண்டே குமிழைத் தள்ளிவிட்டேன். மறுவாரம் எனக்கு இருமல் மருந்து வாங்கிவந்தாள். இல்லாத இருமலுக்கு அது நன்றாகவே கேட்டது.

அவளுக்கு ஒரு காது போய்விட்டதும், மற்றது போய்க்கொண்டிருப்பதும் எனக்குத் தெரியும். "டாக்டர் ஆறு மாசம்தான்னு சொல்றார் மாமா, சீக்கிரம் கண்டுபிடிங்க" என்று நீதானே போனில் சொன்னாய். என் கடையில் அவசர வேலை எடுப்பதில்லை.

போன வியாழன் ஏதோ ஒன்று வந்தது, தகரத்தில் ஈ மோதுவது போல. உன் அம்மா எழுந்து வந்து, கேட்கிற காதைப் பெட்டியின் மேல் வைத்தாள். வெகுநேரம் அப்படியே இருந்தாள்.

"இதுதான் அண்ணா. கிடைச்சிடுச்சு. போதும்."

அவள் முகத்தை அவ்வளவு நிம்மதியாக நான் பார்த்ததே இல்லை. கல்யாணத்தன்று அப்படி இருந்திருக்கலாம். அன்று நான் முகம் பார்க்கிற நிலையில் இல்லை.

அவள் ஏன் அழுதுகொண்டு வீட்டுக்கு வந்தாள் என்றுதானே நீ கேட்க வந்தாய். "அது இல்லம்மா" என்றேன். "பக்கத்துலகூட வரலை. அடுத்த வியாழன் வா."

வேறு என்ன சொல்ல முடியும், மருமகளே. பொய் சொல்லி உன் அம்மாவை ஏமாற்ற எனக்கு மனசு வரவில்லை.