விசில் வரும் வரை

நீங்கள் சொல்வது சரிதான் இன்ஸ்பெக்டர் சார், மதுரைக்காரனுக்குத் தண்ணீரைக் கண்டால் பயம் வராது, பக்திதான் வரும். வைகையில் முழங்கால் அளவு ஓடினாலே பாலத்தில் வண்டியை நிறுத்திப் படம் எடுக்கிற ஊர். அப்படிப்பட்ட ஜனத்துக்கு டிக்கெட் கொடுத்து உள்ளே விட்டு, கழுத்தளவு குளத்தில் மோட்டார் வைத்து அலையும் எழுப்பினால் என்ன ஆகும்? நாள் முழுக்க யாராவது ஒருவர் "காப்பாத்துங்க, காப்பாத்துங்க" என்று கத்திக்கொண்டிருப்பார். பக்கத்திலேயே அவருடைய மச்சினன் அதை வீடியோ எடுத்துக்கொண்டிருப்பான். மேலூர் ரோட்டில் இருக்கும் எங்கள் பார்க்கின் லட்சணம் இதுதான். நான் அங்கே பாதுகாப்பு அதிகாரி. பெயர் கோகுல்நாத், வீடு வில்லாபுரத்தில். அதையெல்லாம் நீங்கள் ஏற்கெனவே எழுதிக்கொண்டுவிட்டீர்கள்.

யேசுதாஸ் அண்ணனுக்கும் எனக்கும் பகை உண்டா என்று கேட்டீர்கள். கிடையாது. நேற்று முன்தினம் அவர் இறந்ததில் எனக்கும் வருத்தம்தான். வரிசையாகச் சொன்னால் உங்களுக்கே புரியும்.

செவ்வாய்க்கிழமைதோறும் காலை ஒன்பது மணிக்கு, கேட்டைத் திறப்பதற்கு முன், அவசரகால ஒத்திகை நடத்துவேன். நான் சேர்ந்த புதிதில் அதற்கு ஒருவரும் மரியாதை தரவில்லை. தீ ஒத்திகைக்கு மணி அடித்தால் நாற்பது பேரும் ஒழுங்காக வெளியேறுவார்கள், ஆனால் நான் 'கூடும் இடம்' என்று பலகை வைத்திருக்கும் புங்கமரத்தடிக்கு வர மாட்டார்கள். ரோட்டுக்கு எதிரே வடைக்கடையில் போய் நிற்பார்கள். தலையை எண்ண நான் அங்கே போக வேண்டும். ஒரு முறை கடைக்காரரையும் சேர்த்து எண்ணியதில், உள்ளே இருந்ததைவிட ஓர் ஆள் அதிகமாக உயிர் பிழைத்துவிட்டார்.

அலைக்குளத்து ஒத்திகைக்கு முதலில் ரப்பர் பொம்மைதான் வைத்திருந்தேன். மூழ்குகிறவரைத் தூக்க வேண்டிய பாண்டிராஜ், அதைத் தோளில் போட்டுக்கொண்டு கரையில் குத்தாட்டம் போட்டான். ஆகவே உயிருள்ள ஆள் தேவைப்பட்டது. மோட்டார் ரூமில் வேலை பார்த்த யேசுதாஸ் அண்ணன் தானாகவே வந்தார். அவருடைய சர்ச்சில் புனித வெள்ளி நாடகத்துக்குப் பதினோரு வருஷமாக அவர்தான் இயேசு.

"வருஷத்துக்கு ஒரு தரம் சாகுறேன் சார். வாரத்துக்கு ஒரு தரம் செத்தா என்ன கொறஞ்சிரப் போகுது?" என்றார்.

நன்றாகத்தான் செத்தார். லீவில் இருந்தவர்கள்கூடச் செவ்வாய்க்கிழமை வந்தார்கள். கேன்டீன் மலையம்மாள் அக்கா உட்கார்ந்து பார்க்க ஸ்டூலோடு வந்துவிடும். அண்ணன் மூழ்கிக்கொண்டே வசனம் பேசுவார். "டேய் பாண்டி, எம் பைக்க நீ வச்சுக்கடா. பிரேக் பிடிக்காது, பாத்துப் போ." ஒரு முறை முங்கி எழுந்து என்னைப் பார்த்துக் கேட்டார், "கோகுல் சார், செத்ததுக்கப்புறம் ஃபார்ம்ல நான் கையெழுத்துப் போடணுமா, இல்ல எம் பொண்டாட்டி போட்டாப் போதுமா?" எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு ஒரு நிமிஷம் பத்து விநாடி நீடித்தது. கையில் ஸ்டாப்வாட்ச் ஓடிக்கொண்டிருந்ததால் தெரியும், மற்றபடி நான் அதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்கிறவன் இல்லை.

விதிகள் என்னுடையவைதான். அதை நான் மறுக்கவில்லை. ஒரு ஒத்திகையில் பாண்டிராஜும் இன்னொருவனும் இரண்டு கரையிலிருந்தும் ஒரே நேரத்தில் குதித்து மண்டையோடு மண்டை மோதிக்கொண்டார்கள். பாண்டிராஜுக்கு நாலு தையல். அதனால் முதல் விதி: என் விசில் வரும் வரை யாரும் தண்ணீரில் இறங்கக் கூடாது. சந்தேகம் இருந்தால் கையைத் தூக்கிச் சொல்ல வேண்டும். இரண்டாவது விதி: கத்துகிற சத்தத்தைக் கேட்டு ஏமாந்து ஓடினால் மதிப்பெண் குறையும், மதிப்பெண் குறைந்தால் அந்த மாதம் ஞாயிற்றுக்கிழமை லீவு கிடையாது. நாளெல்லாம் விளையாட்டுக்குக் கத்துகிறவர்களுக்கு நடுவே வேலை பார்க்கிற பிள்ளைகளுக்கு இது தேவையான பயிற்சி. இதில் தப்பு இருந்தால் சொல்லுங்கள்.

எட்டு மாதத்தில் பலன் தெரிந்தது. அண்ணன் இரண்டு கையையும் கூப்பி, "நெசமாத்தான்டா, கால் பிடிச்சுக்கிருச்சு, வாங்கடா" என்று கண்ணீர் விட்டு அழுவார். ஒருவரும் அசைய மாட்டார்கள். பாண்டிராஜ் கொட்டாவி விடுவான். அந்தக் கொட்டாவியைப் பார்க்க எனக்குப் பெருமையாக இருக்கும்.

ஒரே ஒரு குறைதான். நிஜமாக மூழ்குகிறவன் கத்த மாட்டான் சார். என் பாடத்தின் முதல் வரியே அதுதான். தலை பின்னால் சாயும். வாய் தண்ணீர் மட்டத்தில் மேலும் கீழுமாகப் போகும். கைகள் ஏணியில் ஏறுவதுபோலத் தண்ணீரை அமுக்கும். ஒரு சத்தமும் இருக்காது. அப்படி நடித்துக் காட்டுங்கள் என்று அண்ணனிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன்.

"அப்பிடிச் செத்தா எவன் சார் பாப்பான்?" என்பார்.

நேற்று முன்தினம் எட்டே முக்காலுக்கு அவர் என் அறைக்கு வந்தார். "சார், நெஞ்சுல என்னமோ அடைச்ச மாதிரி இருக்கு. இன்னைக்கு வேற யாரையாச்சும் போடுங்க." ஏசி ஓடிக்கொண்டிருந்தது. அவர் நெற்றியில் வியர்வை. இடது கையைப் பிசைந்துகொண்டே நின்றார். முதலுதவி வகுப்பும் நான்தான் எடுக்கிறேன், அது எதன் அறிகுறி என்று எனக்குத் தெரியாமல் இல்லை. முடியாது என்றும் நான் சொல்லவில்லை. எழுதிக் கொடுங்கள் என்றேன்.

"எழுதுற நேரத்துல செத்தே காட்டிரலாம்" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

ஒன்பது நாலுக்கு இறங்கினார். வழக்கம்போல மலையம்மாள் அக்காவுக்குக் கையசைத்தார். அரை நிமிஷம் வசனம். அப்புறம் வசனம் நின்றது. தலை பின்னால் சாய்ந்தது. கைகள் ஏணி ஏறின. வாய் மேலே வந்தது, கீழே போனது. நான் படம் போட்டுக் காட்டியதை ஒரு பிசகும் இல்லாமல் செய்தார்.

 கரையில் யாரோ, "அண்ணே இன்னைக்குப் புதுசா என்னமோ பண்றாருடா" என்றான். கைதட்டினார்கள்.

எனக்குத் தெரியுமா என்று கேட்கிறீர்கள். தெரியும். வசனம் நின்ற பதினோராவது விநாடியிலேயே தெரியும். விசில் என் வாயில்தான் இருந்தது.

ஊதியிருந்தால் அவர்கள் விசிலுக்குக் குதித்திருப்பார்கள். பாடம் புரிந்து குதித்தார்கள் என்று நான் எப்படிச் சொல்வது? நாற்பது பேரில் ஒருவராவது கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்கிறாரா என்று சோதிக்க இப்படி ஒரு சந்தர்ப்பம் எந்தப் பயிற்சியாளருக்கும் கிடைக்காது. ஒருவர் கையைத் தூக்கி, "சார், நெசம்" என்று சொல்லியிருந்தால் அந்த நொடியே ஊதியிருப்பேன். பாண்டிராஜ் என் பக்கம் திரும்பி "சார்?" என்றான். கையைத் தூக்கவில்லை. அது கேள்வி. நான் காத்திருந்தது பதிலுக்கு. இதில் கோபம், பழைய கணக்கு என்றெல்லாம் எதுவும் இல்லை. கைதட்டினார்களே தவிர அன்றைக்கு ஒருவரும் சிரிக்கவில்லை என்பதைக் கவனித்தேன், அவ்வளவுதான்.

இரண்டு நிமிஷம் ஐம்பது விநாடியில் ஹெப்சிபா இறங்கினாள். டிக்கெட் கவுன்டரில் சேர்ந்து மூன்று வாரம் ஆன பிள்ளை. நீச்சல் தெரியாது. சர்ச் பாடகர் குழுவில் இருப்பதால் ஞாயிற்றுக்கிழமை லீவை நம்பித்தான் இந்த வேலைக்கே வந்தவள். கழுத்தளவு தண்ணீரில் தத்தித் தத்திப் போய், அண்ணனின் தலைமுடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். "எல்லாரும் என்ன வேடிக்கை பாக்குறீங்க" என்று அவள் கேட்டபோதுதான் மற்றவர்கள் அசைந்தார்கள். அதற்குள் நேரமாகிவிட்டது. ஆம்புலன்ஸ் ஒத்தக்கடையைத் தாண்டும்போது அவர் இறந்துவிட்டதாகச் சொன்னார்கள்.

அந்தப் பிள்ளை என்மேல் புகார் எழுதிக் கொடுத்திருக்கிறது என்றீர்கள். கொடுக்கட்டும், சின்ன வயசு. நான் சொன்னதிலும் எதையும் மாற்றப் போவதில்லை, எங்கே கையெழுத்துப் போடச் சொல்கிறீர்களோ அங்கே போடுகிறேன். ஆனால் ஒன்றை நீங்களும் குறித்துக்கொள்ள வேண்டும் சார். விசில் வரவில்லை. முப்பத்தொன்பது பேர் ஒழுங்காக நின்றார்கள், அவள் ஒருத்திதான் இறங்கினாள். அதுவும் காலில் ஷூவோடு, கழுத்தில் ஐடி கார்டு கயிற்றோடு. இப்படி ஆளாளுக்குத் தோன்றியபோது தண்ணீரில் குதித்தால் நாளைக்கு யாராவது செத்துப்போவார்கள். அவளுக்கு ஒரு மெமோ கொடுக்க வேண்டியது என் பொறுப்பு. இரண்டு நாளாக அது எழுதாமல் கிடக்கிறது. ஒரு வெள்ளைத்தாள் இருந்தால் தருகிறீர்களா சார்?